வாசலில் நாலு வண்டி

தூத்துக்குடி
12.06.2025

அன்புத் தங்கை உமாராணிக்கு அண்ணன் ஆறுமுகநயினார் எழுதுவது.

நானும் உன் மதினி செல்லக்கனியும் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை கூடியிருப்பதாக டாக்டர் சொல்கிறார். வேறென்ன சொல்வார், அதற்குத்தானே ஃபீஸ். நீயும் மச்சானும் பானுப்ரியாவும் சுகமா என்று எழுது.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நாம் இரண்டு பேரும் நாயும் பூனையுமாகிவிடுகிறோம், அதனால் இனி எழுதிக்கொள்ளுங்கள் என்று மச்சான் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் தபால்தலை வாங்குகிறவனை எல்லாரும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அந்தக் கொடுமையும் எனக்குத்தான்.

விஷயம் இதுதான். நம் வீதியில் வண்டி நிறுத்தக் காசு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டு நீலப் பலகை நட்டிருக்கிறார்கள். பைக்குக்கு ஒரு விலை, காருக்கு ஒரு விலை, வேனுக்கு ஒரு விலை. அதுவும் முதல் மணிக்குத்தான். அடுத்தடுத்த மணிக்குப் படியேறிக்கொண்டே போகிறது. பச்சைக் கோட்டு மாட்டிய சுடலைச்செல்வி என்கிற பெண் கையில் ஒரு மிஷினோடு மேலும் கீழும் நடந்து சீட்டுக் கிழிக்கிறாள். ஜில்லா கலெக்டர் என்று நினைப்பு.

இந்தத் திட்டத்தைப் போட்ட மேதாவி வாழ்க்கையில் ஒரு தடவையாவது கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கியிருப்பானா? சீர்ப் பாத்திரம் எடுக்க ஆள் வருவதில்லை, வேன் வருகிறது. பெரியம்மா குடத்தைச் சுண்டிச் சத்தம் கேட்க வேண்டும். அத்தை அண்டாவின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் பிடிக்காமல் சித்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார வேண்டும். நான் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். அதற்கப்புறம் பேர் வெட்ட வேண்டும். அரை நாள் ஆகாமல் எந்த வீட்டுச் சீரும் நம் கடையை விட்டு இறங்கியதில்லை. நேற்று எட்டயபுரத்துக் குடும்பம் ஒன்று வந்தது. அவர்களில் மாமா ஒருவர் நொடிக்கொரு தரம் வெளியே ஓடி வேனைப் பார்த்துவிட்டு வந்து, சீக்கிரம் முடியுங்கள், மீட்டர் ஓடுகிறது என்று உயிரை எடுத்தார். குத்துவிளக்கு வாங்காமலே எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள். நீலப் பலகை புண்ணியத்தில் ஒரு கல்யாணம் விளக்கில்லாமல் நடக்கப் போகிறது.

பானுவுக்குத் தையில் முகூர்த்தம் என்று ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ எழுதவில்லை. போகட்டும். தாய்மாமன் பாத்திரக் கடை வைத்திருக்கும்போது அவள் சீர் வேறு கடையிலிருந்து போனால் இந்த வீதி சிரிப்பாய்ச் சிரித்துவிடும். எனக்கும் அப்புறம் கடையில் உட்கார முகம் இருக்காது. எந்த மாதம் வருகிறாய் என்று மட்டும் எழுது.

பதில் போட நேரமில்லை என்று சொல்லாதே. உனக்கு வேறு வேலை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்


கோயம்புத்தூர்
30.06.2025

அண்ணனுக்கு உமா எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. மதினியை விசாரித்ததாகச் சொல்.

வேனுக்குக் காசு என்று இந்தக் குதி குதிக்கிறாயே, காசு இல்லாத காலத்தில் அந்த வேன் எங்கே நின்றது? போன சித்திரையில் வந்தபோது நானே பார்த்தேன். கடை வாசலில் உன் ஸ்கூட்டர் நின்றது. கணக்கு எழுதுகிற தனராஜின் மொபெட் நின்றது. டயரில் காற்றே இல்லாத ஒரு பழைய மாருதி வேன் நின்றது. நாலாவதாக நின்ற பைக் யாருடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். உன்னிடம் அண்டா வாங்கினவர்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மாதா கோயில் வரை நடந்தார்கள், அவர்கள் வண்டி அங்கே நின்றதால். அப்போது உனக்கு வலிக்கவில்லை.

பானு வேலைக்குப் போய் வருகிறாள். மாப்பிள்ளை வீடு விளாத்திகுளம், கல்யாணமும் அங்கேதான். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

சர்க்கரையைக் குறைத்துக்கொள். வாயையும்.

உமா


தூத்துக்குடி
14.07.2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் போட்டுத் தேய். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்காரனுக்கு நீ வீடு கட்டிக் கொடுக்க வேண்டாம்.

வாசலில் நாலு வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறாய். வியாபாரி வீட்டில் பிறந்தவள் கேட்கிற கேள்வியா இது? வாசல் வெறிச்சென்று கிடந்தால் எவன் படி ஏறுவான்? நாலு வண்டி நின்றால், உள்ளே கூட்டம் இருக்கிறது, சரக்கு நன்றாக இருக்கும் என்று ஐந்தாவது ஆள் தானாக வருவான். இந்த வீதியில் எந்தக் கடைக்காரனும் காலையில் முதலில் ஷட்டரைத் தூக்குவதில்லை. வண்டியைத்தான் வாசலில் நிறுத்துகிறான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் இதற்கென்றே ஓடாத பைக் ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டிருக்கிறான். என் மாருதியும் ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். நாலாவது பைக் உன் மதினியின் தம்பியுடையது. தெரிந்துகொண்டாயா?

இப்போது அத்தனையும் பின்சந்தில் கிடக்கின்றன. என் கடை வாசலில் என் வண்டியை நிறுத்த நானே சீட்டு வாங்க வேண்டுமாம். வாசல் பொக்கை வாய் மாதிரி இருக்கிறது. முன்பின் தெரியாத யார் யாரோ அந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்து குக்கர் விலை கேட்கிறார்கள்.

சங்கத்தைக் கூட்டி மனு எழுதினோம். என்னைத்தான் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். வேறு எவனுக்கு நாலு வார்த்தை கோர்வையாகப் பேசத் தெரியும்? பக்கத்து பேக்கரி எமில்டா ஒருத்திதான் கையெழுத்துப் போடவில்லை. "எனக்கு யாவாரம் கூடித்தான் இருக்கு அண்ணாச்சி. வண்டி நிப்பாட்ட எடம் கெடைக்கி, எறங்கி வாங்கிட்டுப் போறாவ" என்கிறாள். கூடாமல் என்ன செய்யும்? மக்ரூன் வாங்க மூன்று நிமிடம் போதும். முட்டையையும் முந்திரியையும் அடித்து ஊதி விற்கிற காற்று வியாபாரம் அது. அண்டாவும் மக்ரூனும் ஒன்றா?

ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் நீ வர மாட்டாய். ஆவணியில் வருகிறாயா? கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. இந்த ஒரு தடவை எழுது.

உன் அண்ணன்


கோயம்புத்தூர்
28.08.2025

அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அவருக்கு இருமல். அதற்கு நீதான் காரணம். ஓடாத மாருதியை நிறுத்தி ஆள் பிடிக்கிற இடத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வாங்க வருகிறவன் நிற்க வேண்டிய இடத்தில் வாங்காத வண்டியை நிறுத்திவிட்டு, வியாபாரம் இல்லை என்று அழுகிற புத்திசாலிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எமில்டா சொன்னதில் என்ன தப்பு? அவளுக்காவது கண் தெரிகிறது. நீயும் கண்ணாடிக் கடைக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து என்ன பிரயோஜனம்?

சம்பந்தி வீட்டார் எதையும் நாலு பேராகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தாலிக்குப் பொன் எடுத்தபோதே ஒரு வேன் நிறைய வந்தார்கள். என் இஷ்டத்துக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மதினிக்கு என் அன்பு.

உமா


தூத்துக்குடி
12.09.2025

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். நீ எழுதியதைப் படித்த பிறகும் நன்றாகவே இருக்கிறேன். மச்சானின் இருமலுக்கு உடன்குடிக் கருப்பட்டி பார்சலில் வருகிறது. காப்பியில் போட்டுக் கொடு. சிரிப்புக்கு மருந்து என்னிடம் இல்லை.

போன வாரம் அரை நாள் கடையடைத்து மாநகராட்சி ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனோம். இந்தத் திட்டத்துக்கென்று ஒரு அதிகாரி இருக்கிறான், தேசிக் என்று பெயர். ஸ்ரீவைகுண்டத்துப் பையன், நெற்றியில் ஒற்றைக் கோடு, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. உட்காருங்கள் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிப் படம் காட்டினான். திட்டம் வருவதற்கு முன்பு நம் வீதியில் காலையில் நின்ற வண்டிகளில் முக்கால்வாசி கடைக்காரர்களுடையதும் கடை ஆட்களுடையதுமாம். அவை சாயங்காலம் வரை அசையவில்லையாம். வாங்க வந்தவர்கள் இடம் தேடிச் சுற்றிவிட்டு பைபாஸ் பக்கம் போய்விட்டார்களாம். தெருவில் நின்று வண்டி எண்ணுவதற்கு இப்போது இன்ஜினியர் படிப்பு தேவைப்படுகிறது பார். "தம்பி, நீங்க எண்ணுதது வண்டிய. நாங்க எண்ணுதது கல்லாவ" என்றேன். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வியாபாரம் பழுதில்லை. பேர் வெட்ட இன்னொரு ஆளை வைக்க வேண்டியதாகிவிட்டது. வேன் மேல் வேன் வந்த மணியமாக இருந்தது. இந்த வருட ஆவணி அப்படிப்பட்ட ஆவணி. இதற்கும் நீலப் பலகைக்கும் முடிச்சுப் போட்டு எழுதாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தால் வரட்டும். விளாத்திகுளத்துக்காரர்கள் பாத்திரம் பார்த்ததே நம் கடையில்தான். நான் ஒருத்தன் பேசினால் போதும், அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

உன் அண்ணன்


கோயம்புத்தூர்
03.10.2025

அண்ணனுக்கு,

கருப்பட்டி வந்தது. அவருக்கு இருமல் நின்றுவிட்டது. நீ நேராக எழுதாத ஒரே நல்ல செய்தி, உன் கடையில் கூட்டம் என்பது. அதையும் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறாய். நான் முடிச்சுப் போடவில்லை. நீயே போட்டுக் கையில் கொடுத்துவிட்டாய்.

வேன் நிற்க இடம் இருந்தது, வேன் வந்தது. இதைச் சொல்ல தேசிக் தேவையில்லை, கோடு போட்ட நெற்றியும் தேவையில்லை. விட்டுவிடு அண்ணா. ஊர்வலம் போகிற வயதா உனக்கு? அந்தக் காசு இருந்துவிட்டுப் போகட்டும். வேண்டுமானால் உன் வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு நீயே சீட்டு எடுத்துக் கொடு. கலர் வாங்கிக் கொடுக்கிறாய் இல்லையா, அது மாதிரி.

கல்யாண அண்டா என்ன கனத்தில் எடுத்தால் அடி பிடிக்காது? பித்தளை நல்லதா, எவர்சில்வரா? சும்மாதான் கேட்டு வைக்கிறேன். வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உமா


தூத்துக்குடி
06.11.2025

அன்புத் தங்கை உமாவுக்கு,

சுகம் என்றால் அப்படியொரு சுகம். சர்க்கரை இறங்கிவிட்டது. ஜெயித்தவனுக்கு மாத்திரை எதற்கு?

ஆமாம், ஜெயித்துவிட்டோம். தீபாவளிக்கு முன்னால் முழு நாள் கடையடைத்தோம். ஓட்டு வரப்போகிற நேரம். மறு உத்தரவு வரை கட்டணம் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். நீலப் பலகையைப் பிடுங்குகிறபோது நான் நேரில் நின்று பார்த்தேன். என் கழுத்தில் மாலை போட்டு வீதி முழுக்க நடத்திக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கடைக்காரன் அழுதுவிட்டான். தேசிக் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. நன்றாகப் பார்க்கட்டும்.

சுடலைச்செல்வி மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் கடைக்குள் வந்தாள். அழுவாள், வேலை கேட்பாள் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, ஒங்க கடைக்கு வார வேனுக்கெல்லாம் நாந்தான் எடம் பாத்துக் குடுத்தேன். இனி யாரு குடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். என்ன திமிர் பார்த்தாயா? இவள் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் யாரும் பாத்திரமே வாங்கவில்லை போலிருக்கிறது.

நாலு வண்டியையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாருதியைத் தள்ளிக்கொண்டுவர ஆறு பேர் வேண்டியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து நடு வாசலில் நிறுத்தியிருப்பது எதற்கென்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ வருகிற அன்று அதை அப்படியே பின்னால் தள்ளினால் உன் வேனுக்கு இடம். சம்பந்தி வீட்டார் கடைப் படியிலேயே இறங்கலாம். அதுவரை அந்த இடத்தை வேறு எவனுக்கும் விடமாட்டேன்.

அண்டா பித்தளையிலேயே எடு, அடிக்கனம் நான் பார்த்துக்கொள்கிறேன். மாடியில் பானுவுக்கென்று எல்லாம் தனியாக எடுத்து வைத்தாயிற்று. குத்துவிளக்கு, குடம், சருவம், தூக்குவாளி எல்லாவற்றிலும் அவள் பேரை நானே நின்று வெட்ட வைத்தேன். வேறு யாருக்கும் அதை இனி விற்க முடியாது. கார்த்திகைக்குள் வந்துவிடு. மார்கழியில் எடுக்கக் கூடாது என்று உனக்கே தெரியும்.

உன் அண்ணன்


கோயம்புத்தூர்
17.11.2025

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நீ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷமில்லை. பொய் சொல்ல வரவில்லை.

பேர் வெட்டியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பெண்ணிடம் கேட்காமல், என்னிடமும் கேட்காமல். நீ நீதான்.

வருகிறோம். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ வீதியையே திரட்டி வைத்துக்கொண்டு மாலையோடு நிற்பாய். சம்பந்தி கூச்ச சுபாவம். சும்மா வாடிக்கைக்காரர்கள் மாதிரி வந்து இறங்குகிறோம். மதினியிடம் மட்டும் சொல்லி வை.

உமா


தூத்துக்குடி
12.12.2025

தங்கைக்கு,

நான் இருக்கிறேன். உன் மதினிக்கு மழையில் சளி. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கார்த்திகை முடியப் போகிறது. வருகிறேன் என்று எழுதினாயே, எங்கே? மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நான் வீட்டுக்குப் போவதில்லை. போன நேரத்தில் நீ வந்துவிட்டால் தனராஜ் உன் சம்பந்தியிடம் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவான்.

வீதியைப் பற்றிக் கேட்காதே. எதிரே இருக்கிற ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் பைக்கைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டு, சாயங்காலம்தான் எடுக்கிறார்கள். ஹார்பருக்கு வேலைக்குப் போகிறவன்கூட காரை இங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறான். ஓசி என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். வேன்காரர்கள் நடுத்தெருவில் நிறுத்தி ஹார்ன் அடிக்கிறார்கள். மாருதியை எடுங்கள் என்று என்னிடமே சொல்கிறார்கள். உனக்கு என்று வைத்திருக்கிற இடத்தைக் கண்டவனுக்கும் விட எனக்குப் பைத்தியமா? கல்லாவை விட்டு எழுந்து போய் விரட்டுவதே என் உத்தியோகமாகிவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

வியாபாரம் மந்தம். மழை. பேர் வெட்டுகிற புது ஆளை நிறுத்திவிட்டேன். எமில்டா பைபாஸில் இன்னொரு கடை பார்த்திருக்கிறாளாம். போகட்டும்.

உனக்கு வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. ஒரு மனிதனை வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார வைக்காதே.

ஆறுமுகநயினார்


கோயம்புத்தூர்
24.12.2025

அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் எழுத மனம் வருமோ என்னவோ.

நாங்கள் வந்தோம். உன் கடிதம் கிளம்புவதற்கு முன்பே வந்தாகிவிட்டது. விளாத்திகுளத்திலிருந்து வேன். நான், அவர், பானு, சம்பந்தி, சம்பந்தியம்மாள், அவர்கள் வீட்டுப் பெண்கள். நல்ல மழை. வழி முழுக்க உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். என் அண்ணன் கடை, நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், அவன் எல்லாம் பார்த்துக்கொள்வான், பெருமைக்காரன், ஆனால் சரக்கில் பொய் கிடையாது என்று சொன்னேன். போனில் உன்னிடம் ஒரு நாளும் சொல்லாததை எல்லாம் அவர்களிடம் சொன்னேன்.

வீதியில் நிறுத்த இடமில்லை. சுற்றினோம். மறுபடியும் சுற்றினோம். உன் கடை வாசலில் நாலு வண்டி நின்றது, நாலும் எனக்குத் தெரிந்த வண்டி. உன் கடை என்று நான் சொல்வதற்குள் சம்பந்தி எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கடையில் நல்ல கூட்டம் போலிருக்கிறது என்றார். உள்ளே நீ மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். சம்பந்தியம்மாளுக்குக் கால் வராது, மழையில் நடக்க வைக்க முடியாது. டிரைவர் மாருதிக்குப் பக்கத்தில் நடுத்தெருவில் நிறுத்தி ஹார்ன் அடித்தான். நீ எழுந்து வந்தாய். எங்களைப் பார்த்துவிட்டாய், மாருதியைத் தள்ளப் போகிறாய் என்று நினைத்து நான் புடவையைச் சரிசெய்துகொண்டேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது, உனக்கு உள்ளே தெரிந்திருக்காது.

நீ கையை வீசினாய். ஈ ஓட்டுகிற மாதிரி. "போ லே, இங்கன நிறுத்தாத, இது ஒனக்கு உள்ள எடமில்ல" என்றாய். முழுக்கக் கேட்டது.

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு இந்த ஆளு, இந்த வெரட்டு வெரட்டுதான்?" என்றார்.

"தெரியலையே" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பானு என்னைப் பார்த்தாள். இதுதான் உங்கள் அண்ணன் கடையா என்று சம்பந்தியம்மாள் கேட்டதற்கு, இல்லை, அது இன்னும் தள்ளி, இன்று பூட்டியிருக்கிறது என்று அதையும் சொல்லி முடித்தேன். பைபாஸில் வண்டி நிறுத்த மைதானம் போல இடம் விட்ட கடை ஒன்று இருந்தது. அங்கே எல்லாம் எடுத்துவிட்டோம். நல்ல சரக்கில்லை. அண்டாவைச் சுண்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணா, உன்னைத் தெரியாது என்று சொன்னவள் நான். சொல்ல வைத்தவன் நீ. இரண்டும் உண்மை.

கல்யாணப் பத்திரிகை தனியாக வருகிறது. தை 14, விளாத்திகுளம். தாய்மாமன் பேர் போட்டிருக்கிறது.

உமா


தூத்துக்குடி
05.01.2026

தங்கைக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கடிதத்தை உன் மதினியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கு முன்னாலும் அதிகம் பேசியதில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

எது உன் வேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெள்ளையா, நீலமா? ஞாபகம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் நிறைய வேன்களை விரட்டினேன் உமா. பாத்திரம் எடுக்க வந்தவர்களை நானே கை வீசி அனுப்பியிருக்கிறேன். அத்தனை பேரில் நீ ஒருத்தி. எந்தக் கை வீச்சு உனக்கு என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

மாருதியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக் கடைக்காரன் அடுத்த நிமிடமே அந்த இடத்தில் தன் ஓடாத பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். மாலை போட்டு அழுதானே, அவன்தான். அவனிடம் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் பேசுகிறதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்த பேச்சு, திரும்பி வந்துவிட்டேன்.

தேசிக்கைப் போய்ப் பார்த்தேன். நீலப் பலகையை மறுபடி நடுங்கள், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சிரிப்பான், சிரித்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். அவன் சிரிக்கவில்லை. "வீதிக்காரங்க எல்லாரும் சேர்ந்து எழுதிக் குடுங்க சார்" என்றான். எமில்டா ஒருத்தி போட்டாள். வேறு எவனும் போட மாட்டான். கட்டணமே வேண்டாம் என்று நான் பேசிய பேச்சை செல்போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதை எனக்கே போட்டுக் காட்டுகிறார்கள். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். கேட்டால் எனக்கே கை தட்டத் தோன்றுகிறது.

நீ பைபாஸில் எடுத்த சரக்கு உனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, இருக்கட்டும். ஆனால் மாடியில் பானு பேர் வெட்டியது எல்லாம் அப்படியே இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஒரு வேன் பிடித்து நானே கொண்டுவருகிறேன். மண்டபத்தின் பின்வாசலில் இறக்கினால் போதும்.

சம்பந்தி என் முகத்தை மறந்திருக்க மாட்டார். யார் என்று கேட்டால் தாய்மாமன் என்று சொல்லி நீ அவமானப்பட வேண்டாம். பாத்திரக் கடையிலிருந்து வந்த ஆள் என்று சொல்லிக்கொள். நானும் அப்படியே நடந்துகொள்வேன். பானு வெளியே வந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், கூப்பிட மாட்டேன்.

இறக்கியதும் வண்டியை எடுத்துவிடுகிறேன்.

உன் அண்ணன்